வன்னி நிழலில் ஒரு வெள்ளை மான்



இதை எழுத உட்கார்ந்தபோது கரண்ட் போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது. அக்னி நட்சத்திரம் முடிய இன்னும் பத்து நாள் இருக்கிறது. இதழ் அச்சுக்குப் போகும் நாள் பார்த்துத்தான் கரண்ட் போகும் என்பது எங்கள் அலுவலகத்தின் எழுதப்படாத விதி. ஜன்னலோரம் மணல் பரப்பி அதன்மேல் வைத்திருக்கும் மண்பானையில் ஆளுக்கொரு டம்ளர் மொண்டு குடித்துவிட்டு, உதவி ஆசிரியர்கள் படிக்கட்டு நிழலுக்குப் போய்விட்டார்கள். என் மேசையில் ஒரு கடிதம் இருந்தது. அதைப் படித்த பிறகு வெயிலைப் பற்றிப் புலம்ப எனக்கு வாய் வரவில்லை.

தாளில் கைப்பட எழுதி, அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார் ஒரு வாசகர். முதுகுளத்தூர் பக்கத்துக்காரர். ஓமானில் கம்பி கட்டும் வேலை. இருக்கும் ஊரின் பெயர் டுக்ம். (தமிழ் எழுத்தில் கொஞ்சம் அசந்தால் ‘துக்கம்’ ஆகிவிடும் என்று அவரே அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறார்.) பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. கடிதத்தின் நடுப்பகுதி இது:

“ஐயா, எங்கள் ஊரும் காய்ந்த ஊர்தான். வெயில் எனக்குப் புதிதில்லை. ஆனால் இங்கே அடிப்பது வேறு வெயில். போன மாதம் ஹைமா பக்கம் லாரியில் போகும்போது வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளை மான் நின்றது. குச்சி மாதிரி நேராக இரண்டு கொம்பு. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரத்துக்குத் தண்ணீர் கிடையாது. அது எங்கே போய்க் குடிக்கும்? எங்கள் சூப்பர்வைசர் எதற்கெடுத்தாலும் ‘பழகிடும், பழகிடும்’ என்பார். அந்த மானும் பழகிக்கொண்டதுதானா?”

இரண்டு கேள்விகள். முதல் கேள்விக்குப் பதில் தேடி ஒரு வாரம் படித்தேன். இரண்டாவது கேள்விதான் என்னை இந்தப் பக்கத்தை எழுத வைத்தது.

தம்பி பார்த்தது அரேபிய ஓரிக்ஸ். அரபியில் ‘மஹா’. கத்தார் ஏர்வேஸ் விமானத்தின் வாலில் ஒரு கொம்புத் தலை இருக்குமே, அதே விலங்குதான். வளைகுடாவுக்குப் போய்வரும் நம் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் அதை விமானத்தின் வாலில் பார்த்திருப்பார்கள், உயிரோடு பார்த்திருக்க மாட்டார்கள். அரபு நாடுகளில் பெண் குழந்தைகளுக்கு மஹா என்று பெயர் வைக்கிறார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அலி இப்னு அல் ஜஹ்ம் என்ற கவிஞர் பெண்களின் கண்களை மஹாவின் கண்களாகப் பாடியது அரபு இலக்கியத்தில் புகழ்பெற்றது. நாம் மான்விழியாள் என்று பாடிக்கொண்டிருந்தபோது கடலுக்கு அந்தப் பக்கத்திலும் அதையேதான் பாடிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

ஒரு சின்னத் திருத்தம். மஹா உண்மையில் மான் இல்லை, இரலை. மானுக்குக் கொம்பு கிளைவிடும், ஆண்டுதோறும் விழுந்து முளைக்கும். இரலைக்குக் கொம்பு கிளைக்காது, விழாது. நம் ஊர் வெளிமானும் இரலைதான். மஹாவில் ஆண், பெண் இரண்டுக்குமே கொம்பு உண்டு. பக்கவாட்டில் பார்த்தால் இரண்டும் ஒன்றாகத் தெரியும். ஒற்றைக் கொம்புக் குதிரைக் கதைகள் இதிலிருந்துதான் பிறந்தன என்று சொல்பவர்கள் உண்டு. அழகான ஊகம், அவ்வளவுதான். மற்றபடி, கடிதத்தில் மான் என்றே இருப்பதால் நானும் இங்கே மான் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

அந்த மான் நின்ற இடத்தின் பெயர் ஜித்தத் அல் ஹராசிஸ். ஓமானின் நடுவில் பல ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு விரிந்து கிடக்கும் சுண்ணாம்புக்கல் சமவெளி. பாலைவனம் என்றதும் நமக்குச் சினிமா மணல்மேடுகள்தான் நினைவுக்கு வரும். இங்கே பெரும்பாலும் சரளைக்கல். ஆறு கிடையாது, சுனை கிடையாது. முதுகுளத்தூர் இருக்கும் ராமநாதபுரம் மாவட்டத்தை நாம் வறட்சி மாவட்டம் என்கிறோம். அங்கே ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டருக்குக் குறையாமல் மழை பெய்கிறது. ஜித்தத்தில் ஆண்டு மழை 50 மில்லிமீட்டரைத் தொட்டால் நல்ல ஆண்டு. தொடர்ந்து சில ஆண்டுகள் பெய்யாமலே போவதும் உண்டு. ஆனால் ஒரு சலுகை இருக்கிறது. அரபிக்கடலிலிருந்து சில மாதங்களில் இரவு நேரத்தில் மூடுபனி உள்ளே நகர்ந்து வரும். கல்லிலும் புல்லிலும் அது ஈரமாகப் படியும். விடிந்து ஒரு நாழிகையில் காய்ந்துவிடும்.

இனி முதல் கேள்வி. அது எங்கே போய்க் குடிக்கும்? எங்கேயும் போகாது. கிடைத்தால் குடிக்கும், கிடைக்காவிட்டால் மாதக்கணக்கில் குடிக்காமலே இருக்கும். அதற்கு வேண்டிய தண்ணீர் அது தின்னும் புல்லிலேயே இருக்கிறது.

காய்ந்த புல்லில் ஏது தண்ணீர் என்று கேட்பீர்கள். பகலில் இல்லைதான். 1960களில் ரிச்சர்ட் டெய்லர் என்ற விஞ்ஞானி கென்யாவில், மஹாவின் ஆப்பிரிக்க உறவான இன்னோர் ஓரிக்ஸை ஆராய்ந்தார். அந்த விலங்கு தின்னும் ஒரு செடியின் இலைகள் பகலில் கையில் எடுத்தாலே பொடியாக நொறுங்கின. இரவில் காற்றிலிருக்கும் ஈரத்தை வாங்கிக்கொண்டு அதே இலைகள் பதமாகிவிட்டன. திறந்துவைத்த டப்பாவில் முறுக்கு நமுத்துப்போகிறதே, அதே கதைதான். நமக்கு நஷ்டமாகத் தெரிவது ஓரிக்ஸுக்கு லாபம். பகலில் மேய்ந்தால் வைக்கோல், பின்னிரவில் மேய்ந்தால் தண்ணீர். கோடையில் மஹா மேய்வது பெரும்பாலும் இருட்டிய பிறகுதான்.

வரவு இது. செலவை அது எப்படிச் சமாளிக்கிறது என்பதுதான் என்னை அதிகம் வியக்கவைத்தது. இதை விளக்க எங்கள் அலுவலக மண்பானையே போதும். பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? பானையின் நுண்துளைகள் வழியாகக் கொஞ்சம் தண்ணீர் கசிந்து ஆவியாகிறது. ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. அதாவது, பானை தன் தண்ணீரைச் செலவழித்துத்தான் குளிர்ச்சியை வாங்குகிறது. நம் உடம்பும் அப்படித்தான். வேர்வை என்பது கசிவு. நாம் மண்பானைச் சாதி.

மஹா கருங்கல் சுவர்ச் சாதி. மொட்டை மாடிக்குக் கீழே குடியிருப்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும். பகல் முழுக்கக் காங்கிரீட் தளம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, ராத்திரி பத்து மணிக்கு மேல் நம் தலையில் இறக்குமே, அந்த வேலையைத்தான் இந்த மான் தன் உடம்பைக் கொண்டு செய்கிறது. பகலில் உடம்புச் சூடு ஏறுகிறதா, ஏறட்டும் என்று விட்டுவிடுகிறது. அதைக் குறைக்க வேர்த்து, மூச்சிரைத்து, தண்ணீரை வீணாக்குவதில்லை. இரவு பாலைவனம் குளிர்ந்ததும் சேர்த்துவைத்த சூட்டை வானத்தைப் பார்த்து விட்டுவிடுகிறது. விடியும்போது உடம்பு ஜில்லென்று அடுத்த நாளுக்குத் தயார்.

சவூதி அரேபியாவில் தாயிஃப் நகரத்துக்கு வடகிழக்கே மஹாசத் அஸ் சயித் என்று வேலியிட்ட காப்பகம் ஒன்று உண்டு. 2,244 சதுர கிலோமீட்டர். மழைக்குப் பின் தேங்கும் குட்டைகளைத் தவிர அங்கே குடிக்கத் தண்ணீர் கிடையாது. அங்கே சுதந்திரமாகத் திரியும் மஹாக்களின் உடம்புக்குள் கருவி பொருத்தி, ஸ்டெஃபான் ஆஸ்ட்ரோவ்ஸ்கி, ஜோசப் வில்லியம்ஸ் முதலானோர் அளந்து 2003இல் வெளியிட்ட கணக்கு இது: கோடையில் ஒரே நாளுக்குள் உடம்பின் வெப்பம் சராசரியாக 4 டிகிரி செல்சியஸ் ஏறி இறங்குகிறது. அதிகபட்சமாக ஒரு நாளில் 7.7 டிகிரி. குளிர்காலத்தில் அந்த ஏற்ற இறக்கம் ஒன்றரை டிகிரிதான். நமக்கு ஒன்றரை டிகிரி ஏறினால் பாராசிட்டமால், மூன்று டிகிரி ஏறினால் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி.

இந்தச் சூட்டுச் சேமிப்பால் ஒரு மானுக்கு ஒரு நாளைக்கு மிச்சமாகும் தண்ணீர் 0.28 லிட்டர். ஒரு பெரிய டம்ளர். பூ, இவ்வளவுதானா என்று முதலில் எனக்கும் தோன்றியது. வறண்ட கோடையில் முழு வளர்ச்சியடைந்த ஒரு மஹாவின் உடம்புக்குள் போகும் மொத்தத் தண்ணீரே ஒரு நாளைக்குச் சுமார் 1.3 லிட்டர்தான். நாம் வாங்கும் அரை லிட்டர் பால் பாக்கெட் மூன்றுகூட முழுதாக இல்லை. அதில் ஒரு பெரிய டம்ளர் என்பது ஐந்தில் ஒரு பங்கு. எண்பது கிலோ உடம்பு அந்த 1.3 லிட்டரை வைத்து ஒரு நாளை ஓட்டுகிறது. நல்ல மழை பெய்து புல் பசுமையாக இருக்கும் காலத்தில் இதே மான் 3.4 லிட்டர் வரை உள்ளே வாங்குகிறது. இருக்கும்போது தாராளம், இல்லாதபோது சிக்கனம். சம்பளத் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் நடுவே நாம் எல்லோரும் செய்வதுதான்.

இன்னொரு பரிசோதனை. ஐந்து மாதம் தீனியையும் தண்ணீரையும் படிப்படியாகக் குறைத்துப் பார்த்தார்கள். மஹாவின் உடம்பு தன் அடுப்பையே சிம்மில் வைத்துக்கொண்டது. சும்மா இருக்கும்போது எரியும் சக்தி சுமார் 16 சதவீதம் குறைந்தது. தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் போகும் ஈரம் ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. சிறுநீர் கெட்டியாகத்தான் போகும், புழுக்கை காய்ந்துதான் விழும். எந்த வாசலிலும் தண்ணீர் சும்மா வெளியே போய்விடாது.

சரி, உடம்பு சூடேறினால் மூளை என்ன ஆகும்? மூளைக்குப் போகும் ரத்தம், மண்டைக்குக் கீழே மெல்லிய நாளங்களாகப் பின்னிய ஒரு வலைக்குள் நுழைந்து போகிறது. மூக்கில் காற்றுப் பட்டுக் குளிர்ந்து திரும்பும் ரத்தம் அந்த வலையைச் சுற்றி ஓடுகிறது. கொதிக்கும் காபி டபராவைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்து ஆற்றுவது போல மூளைக்குப் போகும் ரத்தம் சற்றுக் குளிர்ந்துவிடுகிறது. மூளையைக் காப்பாற்றத்தான் இந்த ஏற்பாடு என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். இதிலும் தண்ணீர்க் கணக்கு இருக்கிறது என்கிறார்கள் இப்போது. வேர்க்கவா வேண்டாமா என்று தீர்மானிக்கும் மையம் மூளைக்குள்தான் இருக்கிறது. அதைக் குளிர்ச்சியாக வைத்துவிட்டால், உடம்பு கொதித்தாலும் வேர்க்கச் சொல்லி உத்தரவு வராது. கணக்குப் பிள்ளையை மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்துவிட்டு வீட்டுச் செலவைக் குறைத்த கதை.

இத்தனை கருவிகளையும் உள்ளே வைத்துக்கொண்டு அது வெளியே என்ன செய்கிறது தெரியுமா? ஒன்றும் செய்வதில்லை. கோடைப் பகல் முழுக்கச் சும்மா படுத்துக் கிடக்கிறது. இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருக்கிறது. ஒரு மரத்தடியைத் தேடி, குளம்பால் மேல்மண்ணைக் கீறி ஒதுக்கி, கீழே இருக்கும் சூடேறாத மண்ணில் ஒரு பள்ளம் செய்து, அதில் வயிறு படும்படி படுத்துக்கொள்ளும். வெள்ளை ரோமம் வெயிலைத் திருப்பி அனுப்பும். வயிற்றுச் சூட்டை மண் வாங்கிக்கொள்ளும். அனல் காற்று ஓய்ந்த பிறகுதான் எழுந்திருக்கும்.

அது ஒண்டும் மரங்களில் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரபியில் காஃப். ஐக்கிய அரபு அமீரகத்தின் தேசிய மரம். ஜித்தத்தில் வேல மரங்களோடு அங்கங்கே நிற்பது. பெயரைத் தேடிக்கொண்டு போனபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அது நம் வன்னி மரம்! விருத்தாசலம் கோயிலின் தல விருட்சம். வேரை ஆழத்துக்கு விட்டு, மேலே எவ்வளவு காய்ந்தாலும் தழைத்து நிற்கும் மரம். தம்பி, உங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயில் வாசலில் பார்த்திருப்பீர்களே, அதே மரத்தின் நிழலில்தான் நீங்கள் பார்த்த மான் பகலைக் கழிக்கிறது.

நிழல் மட்டும் போதாது, புல் வேண்டும். புல்லுக்கு மழை வேண்டும். இந்தச் சமவெளியில் மழை ஊருக்கு ஊர் பெய்யாது, துண்டு துண்டாக எங்கோ ஒரு மூலையில் பெய்துவிட்டுப் போகும். மஹாக்கள் அதை நெடுந்தொலைவிலிருந்தே அறிந்து நடக்கத் தொடங்குகின்றன. அகன்ற குளம்புகள் மணலில் புதையாமல் தாங்கும். ஒரு மந்தை காலப்போக்கில் 3,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் சுற்றிவிடும் என்கிறார்கள். நம் பழைய பாலைத் திணைப் பாட்டுகளில் மான்கள் பேய்த்தேரைத் தண்ணீர் என்று நம்பி ஓடி இளைக்கும். பேய்த்தேர் என்றால் கானல்நீர், எவ்வளவு பொருத்தமான சொல் பாருங்கள். ஐந்திணை ஐம்பதில் மாறன் பொறையனார் காட்டும் ஆண்மானை மறக்க முடியுமா? சுனையில் இருவருக்குப் போதாத தண்ணீர். பெண்மான் குடிக்கட்டும் என்று அது குடிப்பதுபோலப் பாசாங்கு செய்யும். அந்த மான்களுக்காவது ஒரு சுனை இருந்தது. ஜித்தத்து மானுக்குப் பாசாங்கு செய்யக்கூடத் தண்ணீர் இல்லை. அது கானலைத் துரத்துவதும் இல்லை.

இவ்வளவு கெட்டிக்கார விலங்கு 1972இல் காட்டிலிருந்து அடியோடு அழிந்துபோனது. வறட்சியால் அல்ல. பழைய காலத்தில் ஒட்டகத்தில் ஏறி, ஒற்றைக் குழல் துப்பாக்கியோடு பின்தொடர்ந்தவர்களிடமிருந்து தப்பிக்க அதற்குத் தெரியும். எண்ணெய்ப் பணம் வந்தது. ஜீப் வந்தது, தானியங்கித் துப்பாக்கி வந்தது. ஒளிந்துகொள்ளப் புதர்கூட இல்லாத வெட்டவெளியில் பளீரென்ற வெள்ளை உடம்பு தூரத்திலிருந்தே தெரியும். வெயிலிடமிருந்து காப்பாற்றிய நிறமே வேட்டைக்காரனுக்குக் காட்டிக்கொடுத்தது. பல்லாயிரம் தலைமுறைகளாகச் செதுக்கிய உடம்பை முடிக்க முப்பது நாற்பது ஆண்டுகள் போதுமானதாக இருந்தது. காட்டில் எஞ்சியிருந்த கடைசி மஹாக்கள் சுடப்பட்டது 1972 அக்டோபரில், நம் தம்பி லாரியில் போன அதே ஜித்தத்தில்.

முடிவு இப்படித்தான் வரும் என்று பத்தாண்டு முன்பே கணித்தவர்கள் இருந்தார்கள். 1962இல் லண்டனைச் சேர்ந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கம் ஒன்று, மேஜர் இயன் கிரிம்வுட் என்பவர் தலைமையில் இன்றைய ஏமனின் கிழக்குப் பகுதிக்கு ஒரு குழுவை அனுப்பியது. தேடி அலைந்து பிடித்தது நான்கே நான்கு. அதிலும் ஒன்று செத்துப்போனது. மிஞ்சிய மூன்றோடு லண்டன் விலங்குக் காட்சிச்சாலையிலிருந்து ஒன்று, குவைத்திலிருந்து ஒன்று, சவூதியிலிருந்து நான்கு. ஆக ஒன்பது. இவற்றை அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸ் நகரத்துக் காட்சிச்சாலையில் சேர்த்தார்கள். அங்கேயும் பாலைவன வெயில்தான் என்பதால் அந்தத் தேர்வு. அதற்கு ‘உலக மந்தை’ என்று பெயர். ஒன்பது மாடு வைத்திருப்பவரை நம் ஊரில் பெரிய பண்ணையார் என்று சொல்ல மாட்டோம். இங்கே ஓர் இனத்தின் எதிர்காலமே ஒன்பது தலைதான்.

பெருகியவற்றில் சிலவற்றை 1980இல் ஓமானுக்குத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். சுல்தான் காபூஸ் முன்னின்று நடத்திய திட்டம். ஜித்தத்தில் யலூனி என்ற இடத்தில் முதலில் பட்டியிலும் பிறகு பெரிய வேலிக்குள்ளும் இரண்டு ஆண்டுகள் வைத்திருந்தார்கள். 1982 ஜனவரி 31 அன்று வேலிக் கதவு திறந்தது. பத்து மான்கள் வெளியே நடந்தன. அவற்றுக்குக் காவலாக இருந்தவர்கள் அந்த மண்ணின் ஹராசிஸ் மக்கள். ஆடும் ஒட்டகமும் மேய்க்கும் பழங்குடியினர், அரபியிலிருந்து வேறுபட்ட தனிமொழி பேசுபவர்கள். மஹா தங்கள் மண்ணுக்குத் திரும்பி வந்ததைத் தங்கள் கௌரவமாக எடுத்துக்கொண்டவர்கள். என் பார்வையில் இந்தக் கதையின் நாயகர்கள் அவர்கள்தான்.

கதை இத்தோடு சுபமாக முடிந்திருக்கலாம். முடியவில்லை. மந்தை 400ஐ எட்டிய நேரத்தில், 1996இல், மறுபடி திருட்டு தொடங்கியது. இந்தமுறை இறைச்சிக்காக அல்ல, பணக்காரர்களின் தனி வளர்ப்புக்காக உயிரோடு பிடித்து விற்றார்கள். 1994இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்த ஜித்தத்து மஹா சரணாலயத்தின் பரப்பை ஓமான் அரசு பின்னர் 90 சதவீதம் குறைத்தது. 2007இல் யுனெஸ்கோ அதைப் பட்டியலிலிருந்து நீக்கியது. அந்தப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட முதல் இடம் அதுதான். அப்போது அங்கே எஞ்சியிருந்தவை சுமார் 65. இருந்தாலும் சவூதி, இஸ்ரேல், அமீரகம் என்று மற்ற இடங்களில் விட்டவை தழைத்தன. 2011இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் மஹாவின் அபாய நிலையை ஒரு படி குறைத்தது. காட்டிலிருந்து முற்றிலும் அழிந்துபோன ஓர் இனம் அந்த அளவுக்கு மீண்டுவந்தது அதுவே முதல்முறை. அப்போது காட்டில் சுமார் 1,000 இருந்தன. ஓமானில் இன்று வேலியிட்ட காப்பகத்துக்குள் வைத்துக் காக்கிறார்கள். தம்பி வேலிக்கு அப்பால் பார்த்தது அவற்றில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

இப்போது அந்த இரண்டாவது கேள்வி. மஹா பழகிக்கொண்டதுதானா?

தம்பி, இல்லை. எந்த மானும் ஒரு பிறவியில் பாலைவனத்துக்குப் பழகி அப்படி ஆகவில்லை. சூட்டைத் தாங்காதவை செத்து, தாங்கியவை குட்டி போட்டு, அந்தக் குட்டிகளிலும் தாங்கியவை மட்டும் மிஞ்சி, கணக்கில்லாத தலைமுறைகள் கடந்து வந்த உடம்பு அது. அந்த உடம்பே கோடைப் பகலில் வேலை செய்வதில்லை, நிழலில் படுத்துக்கொள்கிறது. வெயிலில் பிறந்து வளர்ந்த விலங்குக்கே மத்தியானம் ஓய்வு என்றால், இரும்புக் கம்பி கட்டுகிறவருக்கு?

மனித உடம்பும் வெயிலுக்குப் பழகும் என்பது உண்மைதான். அதற்கு ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆகும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆனால் எப்படிப் பழகும் என்பதைச் சூப்பர்வைசர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பழகிய உடம்பு சீக்கிரமே வேர்க்கத் தொடங்கும், முன்னைவிட அதிகமாகவும் வேர்க்கும். கடும் வேலையில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல்கூடப் போகும். மஹா ஒரு நாள் முழுவதும் ஓட்டும் தண்ணீரை நாம் ஒரு மணி நேரத்தில் கொட்டிவிடுகிறோம். மஹா பழகினால் தண்ணீர் குறைவாகக் கேட்கும். மனிதன் பழகினால் அதிகமாகக் கேட்பான். ‘பழகிடும்’ என்று சொல்லும் வாய், அடுத்த வரியாக ‘இன்னும் இரண்டு கேன் தண்ணீர் இறக்கு’ என்றும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த மனிதருக்கு உடம்பைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை என்று அர்த்தம்.

தாகத்தை அடக்கி வேலை செய்வதைச் சாமர்த்தியமாக நினைக்கும் பழக்கம் நம் ஆட்களிடமும் இருக்கிறது. கழிப்பறை தூரமாக இருக்கிறது என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள், ஓவர்டைம் போய்விடுமே என்று தலைசுற்றலை மறைப்பவர்கள் எனப் பலரைப் பற்றி முன்பும் கடிதங்கள் வந்திருக்கின்றன. சிறுநீரை இறுக்கிச் சமாளிக்கும் சிறுநீரகம் மஹாவுக்கு உண்டு. நமக்கு அந்த வசதி இல்லை. நாள்தோறும் காயப்போட்டால் நம் சிறுநீரகம் பழுதாகும்.

வளைகுடாவில் இருக்கும் வாசகர்களுக்கும், அவர்களோடு தினமும் போனில் பேசும் வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். கோடையில் வெட்டவெளி வேலைக்கு மத்தியானத் தடை அங்கே சட்டமாகவே இருக்கிறது. கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை, காலை 10 மணியிலிருந்து மாலை 3.30 வரை. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, 12.30 முதல் 3 வரை. ஓமானில் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் 12.30 முதல் 3.30 வரை. இந்த நேரத்தில் வெயிலில் நிற்கச் சொன்னால் அது சட்டமீறல், புகார் செய்யலாம். இதைக் கிழித்தெடுத்து கேம்ப் சுவரில் ஒட்டிவைத்தாலும் எனக்குச் சந்தோஷம்தான். வீட்டிலிருப்பவர்கள் போனில் ‘சாப்பிட்டாயா’ என்று கேட்பதோடு ‘இன்றைக்கு எத்தனை பாட்டில் தண்ணீர் குடித்தாய், மத்தியானம் எங்கே இருந்தாய்’ என்றும் கேளுங்கள்.

முதுகுளத்தூர்த் தம்பிக்கு: மறுபடி ஹைமா பக்கம் போனால், வண்டியை ஓரங்கட்ட முடிந்தால், அந்த மானைப் படமெடுத்து அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறோம். மத்தியானத்தில் தேடாதீர்கள். சாயங்காலமாகப் பாருங்கள், அப்போதுதான் அது எழுந்து வரும். இந்த இதழ் உங்கள் கைக்குக் கிடைக்கும்போது ஜூன் பிறந்திருக்கும். 12.30 முதல் 3.30 வரை நீங்களும் நிழலில் இருக்க வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்